வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குப் போகும் 3ஆம் எண் கூட்டரசுச் சாலையில் உலு திராம் இருக்கிறது. ஒரு காலத்தில் சாலையின் இருபுறமும் தோட்டம்தான். முதலில் ரப்பர், பிறகு செம்பனை. செம்பனைத் தொழிலில் பெரிய பெயரான கூலிம் நிறுவனத்தின் தலைமை அலுவலகமே உலு திராம் தோட்டத்துக்குள்தான் இருந்தது. இன்று டேசா செமர்லாங், புத்ரி வாங்சா, டத்தோ செல்லம் என்று தாமான்களாகப் பெருகிவிட்ட ஊர் இது. லயத்தில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் தொடர்வீடுகளுக்கும் மலிவு அடுக்குமாடிகளுக்கும் பிரிந்து போனார்கள். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் பாலத்தை நோக்கிக் கிளம்பிவிடுகிறார்கள்; திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே இந்தத் தாமான்களின் வாட்சாப் குழுக்கள் சூடுபிடிக்கும். கோயில் நிர்வாகம், இளைஞர் மன்றம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், வேலையிடத்து நண்பர்கள், கட்சிக் கிளை என்று ஆளுக்கொரு திட்டம். பிள்ளைகள் இல்லத்துக்கோ பி40 குடும்பத்துப் பிள்ளைகளுக்கோ புதுத்துணி, விளையாட்டுச் சாமான், முறுக்குப் பொட்டலம், அங்பாவ். பணம் சேர்ந்துவிடும். நம் ஆட்களுக்கு இளகிய மனம். தீபாவளி நேரத்தில் ஐம்பது ரிங்கிட் கேட்டால் இல்லை என்பவர் குறைவு. தன்னார்வலர்களும் டி-சட்டை அளவு முதற்கொண்டு சொல்லிப் பெயர் கொடுத்துவிடுவார்கள். வந்தவர்களை நடத்துவதற்குத்தான் ஆள் இருக்காது.

ஒருங்கிணைப்பாளர் என்ற பட்டம் யாருக்காவது இருக்கும், மறுக்கவில்லை. அவர் பதாகைக்கும் பந்தலுக்கும் வை.பி.யின் வருகைக்கும் ஓடிக்கொண்டிருப்பார். பரிசு மேசைக்குப் பின்னால் நின்று, “இது வேண்டாம், எடுத்துருங்க”, “நீ அந்தப் பக்கம் போகாதப்பா”, “ஃபோனைப் பையில போடுங்க” என்று முகம் சுளிக்காமல் சொல்லும் ஆள் வேறு. அந்த ஆளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பொம்மை சேர்த்த மேஜர்

பண்டிகைக்குப் பிள்ளைகளுக்குப் பரிசு திரட்டும் வேலைக்குப் பழைய வரலாறு உண்டு. 1947இல் லாஸ் ஏஞ்சலிஸில் டையன் ஹெண்ட்ரிக்ஸ் என்ற பெண்மணி கையால் ஒரு துணிப்பொம்மை செய்து, வசதியில்லாத பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வரச் சொல்லித் தம் கணவரிடம் தந்தார். கணவர் பில் ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க மரைன் சேமப்படையில் மேஜர். அப்படிப் பொம்மைகளை வாங்கி வழங்கும் அமைப்பு எதையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படியானால் நீங்களே ஒன்றைத் தொடங்குங்கள் என்றார் மனைவி. அந்தக் கிறிஸ்துமஸுக்குள் அவரும் சக வீரர்களும் 5,000 பொம்மைகளைத் திரட்டினார்கள். அடுத்த ஆண்டே ‘டாய்ஸ் ஃபார் டாட்ஸ்’ நாடு தழுவிய திட்டமானது. அதன் ரயில் சின்னத்தை உருவாக்கிக் கொடுத்தவர் வால்ட் டிஸ்னி.

இந்தக் கதையை எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. தொடக்கத்தில் பழைய பொம்மைகளையும் வாங்கினார்கள். வார இறுதிப் பயிற்சிக்கு வரும் வீரர்கள் உட்கார்ந்து உடைந்த சக்கரத்தை ஒட்டிப் பெயின்ட் அடித்தார்கள். 1980 முதல் புதுப் பொம்மை மட்டும்தான் என்று முடிவானது. பயிற்சி நேரத்தைப் பயிற்சிக்கே செலவிட வேண்டும் என்று மேலிடம் சொன்னது ஒரு காரணம். பொம்மைகளின் பாதுகாப்பு பற்றிய விழிப்புணர்வு மக்களிடம் வளர்ந்தது இன்னொரு காரணம். உனக்கு உலகத்தில் ஒரு மதிப்பு இருக்கிறது என்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே, இன்னொருவர் வேண்டாமென்று ஒதுக்கியதை நீட்டுவது பொருந்தவில்லை என்பதையும் உணர்ந்தார்கள். பழையதை வேண்டாம் என்று சொல்ல, ராணுவ ஒழுங்குள்ள அந்த அமைப்புக்கே 33 ஆண்டுகள் பிடித்தன.

அவர்களுடைய இன்னொரு விதியும் நம் ஊருக்கு அப்படியே பொருந்தும்: பரிசை வண்ணத்தாளில் சுற்றிக் கொண்டுவராதீர்கள். சுற்றிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது, எந்த வயதுக்கு, உடைந்திருக்கிறதா என்று மேசையில் இருப்பவருக்குத் தெரியாது. நம் நிகழ்ச்சிகளில் இதற்கு நேர்மாறு. ரிப்பன் கட்டிய பெட்டியாக வந்தால்தான் படத்துக்கு அழகு. பதின்மூன்று வயதுப் பையன் எல்லார் முன்னிலையிலும் பெட்டியைப் பிரித்து, உள்ளே கிலுகிலுப்பையைப் பார்க்கும்போது அவன் முகத்தை யாரும் படமெடுப்பதில்லை.

பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டு வாங்குவது அடுத்த படி. 1979இல் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரில் சால்வேஷன் ஆர்மியைச் சேர்ந்த சார்ல்ஸ் வைட், ஷர்லி வைட் தம்பதி, ஒரு பேரங்காடியில் கிறிஸ்துமஸ் மரத்தை நிறுத்தி, தேவதைப் படம் போட்ட வாழ்த்து அட்டைகளில் பிள்ளைகளின் தேவைகளை எழுதித் தொங்கவிட்டார்கள். கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கோர் அட்டையை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே, சிங்கப்பூரில் பாய்ஸ் பிரிகேட் 1988 முதல் ஆண்டுதோறும் ‘ஷேர்-எ-கிஃப்ட்’ நடத்துகிறது. சீருடை அணிந்த மாணவர்கள் பேரங்காடிகளில் பெட்டி வைத்துப் பொருள் சேர்க்கிறார்கள். இன்னாருக்கு இன்னது வேண்டும் என்ற விருப்பப் பட்டியல் வருகிறது. வாங்கியதைப் பிரித்துக் கட்டி வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பதின்ம வயதுப் பையன்கள். பையன்களை நம்பி இவ்வளவு பெரிய வேலையை ஒப்படைக்க முடிகிறதென்றால், அவர்களுக்கு மேலே பொறுப்பாளர் ஒருவர் பெயர் சொல்லி நிற்பதால்தான்.

கேட்காமல் கொடுத்தால் என்னாகும் என்பதைத் தமிழர்கள் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பார்த்தார்கள். லோரி லோரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. அதுவரை உழைத்துச் சாப்பிட்ட மீனவக் குடும்பங்கள் அதைத் தொட மறுத்தன. சாலையோரமெங்கும் துணிக்குவியல், அதன்மேல் மழை. டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு அந்தத் துணிகளில் பெருமளவை எடுத்துப் பிரித்து, பயன்படும் பொருளாக்கியது. மனமுவந்து கொடுத்தவர்களின் துணிதான் அவ்வளவும். வாசலில் நின்று பார்த்து வாங்க ஆளில்லை.

மேசையில் நடக்க வேண்டியது

உலு திராமில் ஒரு பாலாய் ராயாவிலோ கோயில் மண்டபத்திலோ இந்த வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்பார்வைக்கு நிற்பவர் முதலில் கேட்டு வாங்க வேண்டியது பட்டியல். பிள்ளையின் முழுப்பெயரும் வீட்டு முகவரியும் அதில் வேண்டாம். ஓர் எண், வயது, ஆணா பெண்ணா, சட்டை அளவு, காலணி அளவு, ஒவ்வாமை ஏதும் உண்டா, விருப்பம் இரண்டு. இவ்வளவு போதும். பெயரும் எண்ணும் சேர்ந்த தாள் ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். வாட்சாப் குழுவில் அதைப் போட்டால் இருநூறு பேர் கையில் கொடுத்ததற்குச் சமம்.

பிறகு பிரிப்பு. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, கழன்று வரும் சின்னத் துண்டுகள் எதுவும் கூடாது. பொத்தான் பேட்டரி போட்டு மினுக்கும் சாமான்களை, பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்படாவிட்டால், தயங்காமல் ஒதுக்க வேண்டும். குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். மலேசியாவில் விளையாட்டுச் சாமான்களுக்கென்று 2009இல் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகள் வந்தன. அதன்படி பொம்மைப் பெட்டியில் ‘எம்.சி.’ முத்திரை இருக்க வேண்டும். பசார் மாலாமில் ஐந்து ரிங்கிட்டுக்கு மூன்று என்று அள்ளி வந்த பொம்மைகளில் அதைத் தேடிப் பாருங்கள். மத்தாப்பும் பட்டாசும் பரிசுப் பையில் வரவே கூடாது. தீபாவளி உணர்ச்சியில் யாராவது ஓர் அண்ணன் நிச்சயம் கொண்டுவருவார். பலகாரம் என்றால் செய்த தேதி, உள்ளே என்ன சேர்த்தது என்று எழுதி ஒட்டியிருக்க வேண்டும். இல்லத்தில் சைவப் பிள்ளையும் இருக்கும், முஸ்லிம் பிள்ளையும் இருக்கும், நிலக்கடலை ஒவ்வாத பிள்ளையும் இருக்கும்.

எப்போதும் மீறிக் குவிவது ஐந்திலிருந்து ஒன்பது வயதுக்கான பொம்மைகள். எப்போதும் இல்லாமல் போவது பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. உலகம் முழுக்க இந்தத் திட்டங்களை நடத்துபவர்கள் ஒரே குரலில் சொல்லும் குறை இது. கடைக்குப் போகிறவர் மனத்தில் ‘பிள்ளை’ என்றால் எட்டு வயதுதான் இருக்கிறது. படிவம் மூன்று படிக்கும் பெண்ணுக்குப் பரிசு என்றதும் கை ஓடவில்லை. நல்ல கைப்பை, காதொலிப்பான், காற்பந்துக் காலணி, புத்தகக் கடைப் பற்றுச்சீட்டு என்று சொல்லிக் கொடுக்க வேண்டியதும் மேற்பார்வையாளர்தான். கடைசி வாரத்தில் சேரும் பணத்தைப் பெரிய பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கி வைப்பது நல்ல வழக்கம். பட்டியலில் இல்லாத தம்பி தங்கைகள் அன்றைக்குக் கூடவே வருவார்கள். அவர்களுக்காகப் பத்துப் பை தனியே இருக்கட்டும். “உன் பேர் இல்லையே பாப்பா” என்று ஒரு குழந்தையிடம் சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை.

வருகிறவர்கள் பலவிதம்

தன்னார்வலர்களைப் பற்றிப் பேசும்போது நாம் கொஞ்சம் அதிகமாகவே உருகிவிடுகிறோம். வருகிறவர்கள் மனிதர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குப் புறப்பாட மதிப்பெண் உண்டு. சிஜில் கேட்டு வருவார்கள். அதில் தவறொன்றுமில்லை, சிஜிலுக்கு வந்த பிள்ளைகள்தான் பல இடங்களில் கடைசி நாற்காலியை மடக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள். நிறுவனத்திலிருந்து ஒரே நிறச் சட்டையில் முப்பது பேர் வருவார்கள். வேலை பத்துப் பேருக்குத்தான் இருக்கும். மிச்சம் இருபது பேர் பிள்ளைகளைச் சுற்றி நின்று கன்னத்தைக் கிள்ளத் தொடங்கும்போதுதான் தொல்லை ஆரம்பம். சமையலுக்கு வரும் அக்காமார்களுக்கு மேற்பார்வையே வேண்டாம், அவர்கள் பக்கம் போகாமல் இருந்தால் போதும்.

நாள் குறிப்பதிலும் ஜொகூருக்கே உரிய சிக்கல் ஒன்று இருந்தது. 2014 முதல் இங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும் ஞாயிறு வேலை நாள். சிங்கப்பூரில் வேலை செய்பவருக்கோ ஞாயிறுதான் ஓய்வு. ஆசிரியர் வரும் நாளில் சிங்கப்பூர்க்காரர் வரமாட்டார். 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு விடுமுறை திரும்பிய பிறகுதான் எல்லாரும் ஒரே நாளில் கூடுவது எளிதானது. அதற்காக எல்லா நிகழ்ச்சியையும் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றிலேயே குவித்துவிடுகிறோம் என்பது வேறு கதை.

நிகழ்ச்சியன்று காலையில் பதினைந்து நிமிடம் தன்னார்வலர்கள் எல்லாரையும் நிற்கவைத்துப் பேசாமல் கதவைத் திறக்கக் கூடாது. சொல்ல வேண்டியது நீளமில்லை. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேர். கழிப்பறைக்குப் பிள்ளையை அழைத்துப்போவது இல்லத்துப் பொறுப்பாளரின் வேலை. பிள்ளையாக வந்து கையைப் பிடித்தால் பிடிக்கட்டும், நீங்களாகத் தூக்காதீர்கள், மடியில் உட்கார வைக்காதீர்கள். “அப்பா எங்கே, அம்மா ஏன் வரல” என்று கேட்காதீர்கள். ஃபோன் நம்பர் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். “அடுத்த வாரமும் வருவேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் அதை மறப்பதில்லை.

இதைக் கேட்டதும் சிலருக்குக் கோபம் வரும். “எங்களைச் சந்தேகப்படுறீங்களா?” என்பார்கள். “ஆமாண்ணே, என்னையும் சேர்த்துத்தான்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். 2017இல் சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் இந்த நாட்டில் வந்தது. அதன்படி அப்படியொரு குற்றம் தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம். 5,000 ரிங்கிட் வரை அபராதம். 2019 முதல் அத்தகைய குற்றவாளிகளின் பதிவேடும் சமூகநல இலாகாவிடம் இருக்கிறது. பிள்ளைகளோடு பழகப்போகும் ஆள் அதில் இருக்கிறாரா என்று சரிபார்க்க விண்ணப்பிக்கலாம். ஒருநாள் நிகழ்ச்சிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: தவறு செய்ய நினைப்பவன் பழக்கம் பிடிப்பது இப்படிப்பட்ட ஒருநாளில்தான்.

“ஒரே ஒரு படம்ணே”

எல்லா விதியிலும் அதிகம் மீறப்படுவது படம். நன்கொடையாளருக்கு ஆதாரம் காட்ட வேண்டும், நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், கட்சிக்காரருக்கு முகநூல். பையைப் பாதி கொடுத்து, பாதி பிடித்துக்கொண்டு, பிள்ளையும் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தப் பை எத்தனை ரிங்கிட் பெறுமானம் என்று யாராவது மைக்கில் சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இதில் நாகரிகம் மட்டுமல்ல, சட்டமும் இருக்கிறது. 2001ஆம் ஆண்டு சிறுவர் சட்டத்தின் 15ஆம் பிரிவு, நீதிமன்றத்தில் தொடர்புடைய அல்லது சட்டப் பாதுகாப்பில் எடுக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தையும் படத்தையும் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இல்லத்தில் இருக்கும் பிள்ளை எந்தச் சூழ்நிலையில் அங்கே வந்தது என்பது படமெடுப்பவருக்குத் தெரியாது. வன்முறை செய்த ஒருவரிடமிருந்து மறைத்து வைக்கப்பட்ட பிள்ளையாகவும் இருக்கலாம். பின்னணியில் இல்லத்தின் பெயர்ப்பலகையோடு அந்தப் படம் முகநூலில் போனால், தேடுகிறவருக்கு முகவரியே கிடைத்துவிட்டது. மேசையைப் படமெடுங்கள், பைகளைப் படமெடுங்கள், முறுக்குச் சுற்றும் அக்காவை அவர் சம்மதித்தால் படமெடுங்கள்.

பெரிய மனிதர்களின் தாமதம் இன்னொன்று. பத்து மணி நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டு மணிக்கு வருகிறார் சிறப்பு விருந்தினர். அதுவரை புதுச்சட்டை நனைய நனைய பிள்ளைகள் பிளாஸ்டிக் நாற்காலியில். நடனம் ஆடிக் காட்டிய பிறகுதான் பரிசு. பத்தரைக்கு வராவிட்டால் பரிசு கொடுத்து முடிப்போம், அவர் வந்து வாழ்த்துரை சொல்லட்டும் என்று அழைப்பிதழ் அடிக்கும்போதே சொல்லிவிடும் மேற்பார்வையாளர் அடுத்த ஆண்டு குழுவில் இருக்கமாட்டார் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

யார் கையால்?

இல்லங்களைப் பற்றி ஒரு விஷயம். ‘சேவ் த சில்ரன்’ அமைப்பு 2009இல் வெளியிட்ட அறிக்கை, உலக அளவில் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார் என்றது. வறுமையும் குடும்பச் சண்டையும் நோயும்தான் அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. மலேசியாவிலும் இல்லங்களுக்கு எதிரான குரலை ‘ஆர்ஃபன்கேர்’ போன்ற அமைப்புகள் இதே காரணத்தால்தான் எழுப்புகின்றன. மேடையில் நின்று “தாய் தந்தை இல்லாத இந்தச் செல்வங்களுக்கு” என்று பேசும்போது, கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளை தன் அம்மாவை நினைத்துக்கொண்டிருக்கும்.

இல்லம் எப்படிப்பட்டது என்று பார்ப்பதும் கொடுப்பவரின் கடமையில் சேரும். 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டப்படி இல்லம் சமூகநல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் கேட்டால் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் ஜி.ஐ.எஸ்.பி. நிறுவனத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட 20 இல்லங்களிலிருந்து போலீஸ் 402 பிள்ளைகளை மீட்டது. நாடே அதிர்ந்தது. அதற்குப் பிறகும் சான்றிதழ் கேட்பதை அவமரியாதை என்று நினைத்தால் அது நம் கூச்சம்தானே தவிர வேறில்லை. கேள்வி நமக்கும் பொருந்தும்: தெருவிலும் கடை வாசலிலும் டின் பிடித்து வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும். எத்தனை தீபாவளிக் குழுக்கள் வாங்குகின்றன?

தாமானில் குடும்பத்தோடு இருக்கும் பிள்ளைகளுக்கென்றால் எனக்கு உடன்பாடான முறை ஒன்றுதான். மேடை வேண்டாம், வரிசை வேண்டாம். தாய் தந்தையரை ஒரு மாலையில் வரச்சொல்லி, மேசையிலிருந்து அவர்களே தேர்ந்தெடுத்து எடுத்துப் போகட்டும். சுற்றும் தாளையும் கொடுத்தனுப்புங்கள். தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வரும் பிள்ளைக்கு அப்பா கையால் பரிசு கிடைக்கும். அதை யார் வாங்கியது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியவே வேண்டாம். அமெரிக்காவில் ‘டாய்ஸ் ஃபார் டாட்ஸ்’ பொம்மைகள் பல ஊர்களில் இப்படித்தான் பெற்றோர் வழியாகப் போய்ச் சேருகின்றன. இங்கே யோசனை சொன்னால் முதலில் வரும் எதிர்ப்பு, “அப்புறம் பிள்ளைங்க சிரிக்கிறதை நாங்க எப்படிப் பாக்கிறது?” என்பதுதான். பார்க்க முடியாது. தன்னார்வலர்கள் பாதிப் பேர் இதைக் கேட்டு விலகிக்கொள்வார்கள். விலகட்டும், மீதிப் பாதியை வைத்து வேலை நடக்கும்.

தீபாவளி வாரத்தில் ஓர் இல்லத்துக்கு மூன்று விருந்து வரும். பள்ளி திறக்கும் வாரத்தில் ஒருவரும் வருவதில்லை. அரசாங்கம் 2023 முதல் வருமான வேறுபாடு பார்க்காமல் மாணவருக்கு 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவி கொடுத்தது. சீருடை, காலணி, பை, பயிற்சிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் அது போதாது. மிஞ்சிய பரிசுப் பணத்தை அன்றைக்கே ஐஸ்கிரீமுக்குச் செலவழித்துக் கணக்கை முடிப்பதைவிட அந்த வாரத்துக்கு வைத்திருப்பது மேல். கணக்கு எழுதி, கொடுத்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள். படத்தைவிட அதுதான் ஆதாரம்.

இந்த ஆண்டு உங்கள் தாமானில் யாராவது பிள்ளைகளுக்குப் பரிசு திரட்டினால், பணம் போடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: மேசைக்குப் பொறுப்பு யார்? பெயர் வரவில்லையென்றால் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அன்றைக்கு இல்லத்திலோ நிகழ்ச்சியிலோ மனத்துக்கு உறுத்தும் எதையாவது பார்த்தால், குழுவுக்குள் பேசி அமுக்கிவிடாதீர்கள். தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999. இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.